சுற்றிலும் தேய்ந்த பற்கள்

ஒரே வண்டி ஒரே குறைக்காக மூன்றாம் முறை பட்டறைக்கு வந்தால், குறை வண்டியில் இல்லை, பட்டறைக்காரனிடம் இருக்கிறது என்பதே கிள்ளான் நகரில் வழங்கும் தீர்ப்பு. பிறருடைய பட்டறைகளைப் பற்றி ரபீக்கும் அப்படித்தான் சொல்லிவந்தான். ஆகவே ஜூன் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, மேரு சாலையிலிருந்து பிரியும் சந்துக்குள் கன்னையாவின் நீலப் பிக்கப் மறுபடியும் திரும்பியதைக் கண்டபோது, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரை அவன் இன்னொரு முறை துடைத்தான்.

கன்னையா பிரிக்பீல்ட்ஸ்காரர். கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுபவர். வயது அறுபத்தொன்பது. ரபீக் சாலாக் செலாத்தானில் ஒரு சீனரின் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவருடைய வண்டிகளுக்கு அவன்தான் வைத்தியன். அவன் சொந்தப் பட்டறை போட்டுக் கிள்ளானுக்கு வந்த பிறகும், முப்பது கிலோமீட்டரைப் பொருட்படுத்தாமல் அவனிடமே வந்துகொண்டிருந்தார். இந்தப் பிக்கப்புக்கு இருபத்தாறு வயது. டீசல் வண்டி. பின்னால் எப்போதும் நான்கு பெரிய ஸ்பீக்கர்கள் தார்ப்பாயின் கீழே படுத்திருக்கும்.

இறங்கும்போதே அவர் ஆரம்பித்தார்.

"என்ன பாய், நீ போட்ட ஸ்டார்ட்டர் இப்ப பாட்டே பாடுது. இன்னும் ரெண்டு மாசம் போனா நானே அதுக்கு மைக் பிடிக்கணும் போல."

"மறுபடியுமா அண்ணே?"

"மறுபடியும்தான். கர்ர்ர்னு அடித்தொண்டையில ஆரம்பிச்சு உச்சிக்குப் போகுது. காலையில முதல் ஸ்டார்ட்ல. எங்க தெருவே எந்திரிச்சிருது லா. நானும் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, ரபீக் பாய் ஹாஃப்கட் சாமான என் தலையில கட்டிட்டான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லியிருப்பார் என்பதில் ரபீக்குக்கு ஐயமில்லை.

ஜப்பானில் பாதியாக அறுக்கப்பட்டுக் கப்பலில் வந்திறங்கும் பழைய வண்டிகளின் உறுப்புகளைத்தான் ஹாஃப்கட் என்பார்கள். பிப்ரவரியில் இந்தச் சத்தம் முதன்முதலாக வந்தபோது, ஸ்டார்ட்டரின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தை மட்டும் ரபீக் மாற்றினான். ஏப்ரலில் முழு ஸ்டார்ட்டரையும் மாற்றினான்; அது ஹாஃப்கட்தான், ஆனால் நல்ல சாமான். இரண்டு முறையும் முப்பது தடவைக்குக் குறையாமல் இஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகே வண்டியைக் கொடுத்தான். ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை.

இன்றும் வரவில்லை. கல்லாவில் இருந்த அவன் மனைவி ரம்லத் எழுந்துவந்து சாவியைத் திருப்ப, அவன் வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்டான். பத்து முறை எடுத்தாள். பத்து முறையும் இஞ்சின் சுத்தமாக எழுந்தது.

"எனக்கு ஒழுங்கா எடுக்குதே," என்றாள் ரம்லத். "ஆள் பார்த்துத்தான் கத்துமோ?"

"வண்டிக்கு என்னைய மட்டும்தான் பிடிக்கல," என்றார் கன்னையா. பிறகு தலையைச் சாய்த்து, "பாய், அந்த பெல்ட் விசில் அடிக்குது, கவனிச்சியா?" என்று கேட்டுவிட்டு, தே தாரிக் குடிக்க முனைக்கடைக்குப் போனார்.

ரபீக் குனிந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோன பிறகே அந்த விசில் அவனுக்குக் கேட்டது. ஐம்பது ஆண்டுகளாக ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றவர் என்பதால், அவருக்குக் காது மங்கியிருக்குமோ என்று அவன் எண்ணியிருந்தான். அந்த எண்ணத்தை அப்போதே விட்டான்.

ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்தான். அது இருந்த துளை வழியே டார்ச் அடித்தால், இஞ்சினின் பின்புறத்தில் இருக்கும் பெரிய சக்கரத்தின் பல்வரிசை தெரியும். ஸ்டார்ட்டரின் சிறுசக்கரம் கடித்து இழுப்பது அந்தப் பற்களைத்தான். முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டி இஞ்சினைக் கையால் கொஞ்சம் சுற்றுவான், பின்னால் வந்து பார்ப்பான், பார்த்த இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுவான், மறுபடி சுற்றுவான். முழுச் சுற்றும் முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

நான்கு சிலிண்டர் இஞ்சின் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. அணைக்கும்போதெல்லாம், எதிரெதிரான இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில்தான் வந்து நிற்கும். ஆகவே ஸ்டார்ட்டர் எத்தனை ஆண்டுகள் கடித்தாலும், தேய்வது அந்த இரண்டு இடங்களில் உள்ள பற்களே; மற்றவை புதிதுபோல் இருக்கும். ரபீக் அதுவரை பார்த்த தேய்ந்த சக்கரங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. இந்தச் சக்கரத்தில் சுற்றிலும் எல்லாப் பற்களும் ஒரே அளவில், ஒரே பக்கமாக மழுங்கி, வெள்ளியாகப் பளபளத்தன. அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டர் அதைக் கடித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினை யாரோ மறுபடியும் ஸ்டார்ட் செய்கிறார்கள். ஒருமுறை தவறி அல்ல, பல நாள்.

கன்னையா திரும்பி வந்ததும், "வண்டிய வேற யாராச்சும் ஓட்டுறாங்களா அண்ணே?" என்று கேட்டான்.

"யாரு இருக்கா? வீட்டுல நல்லம்மாவுக்கு சைக்கிளே வராது. மக ஷாமினி காஜாங்ல இருக்கா, அவளுக்கு ஆட்டோ கியர் இல்லாம கை ஓடாது. ஏன் கேக்குற?"

"சும்மாதான்." ரபீக் டார்ச்சை அணைத்தான். "சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வரேன். ராத்திரி பூரா நின்ன இஞ்சின்ல அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

"வா, வா. கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது."

சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தான். ஸ்காட் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கன்னையாவின் வீடு. மணி ஏழரை. வானம் இறங்கி வந்திருந்தது. மழை பெய்வதாகவும் தெரியவில்லை, விடுவதாகவும் தெரியவில்லை. கன்னையாவின் மனைவி நல்லம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ரபீக்கைப் பார்த்துத் தலையசைத்தாரே தவிர, வா என்று சொல்லவில்லை.

கன்னையா குளித்துத் திருநீறு பூசி வந்து இருக்கையில் அமர்ந்தார். சாவியை அரைவாசி திருப்பி, டீசல் வண்டிக்குரிய சிறு விளக்கு அணையும்வரை காத்திருந்தார். பிறகு முழுதும் திருப்பினார். இஞ்சின் ஒரே இழுப்பில் எடுத்தது. சத்தம் இல்லை. பழைய டீசல் சூடேற ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் சாமி கும்பிடுவது அவர் வழக்கம். ஊதுபத்தி இரண்டைக் கொளுத்தி, டாஷ்போர்டில் ஒட்டியிருந்த முருகன் படத்துக்கு மூன்று சுற்றுக் காட்டி, ஸ்டீயரிங்குக்கு ஒரு சுற்று, கண்ணாடிக்கு ஒரு சுற்றுக் காட்டி, பத்தியைக் குத்திவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். உதடுகள் அசைந்தன. வண்டி அவரைச் சீராக உலுக்கிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். சாமி கும்பிட்டாயிற்று, இனி வேலையைத் தொடங்கலாம் என்கிற முகத்தோடு சாவியைத் திருப்பினார்.

இரும்பை இரும்பு கடித்த அந்த ஓலம் அடுக்குமாடியின் சுவர்களில் பட்டுத் திரும்பியது. மேல்மாடியில் ஒரு சன்னல் சாத்தப்பட்டது. கன்னையா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். ஒரு கணம் ஸ்டீயரிங்கையும், புகையும் பத்தியையும், நடுங்கும் கண்ணாடியையும் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கேட்டியா பாய்?"

வழக்கில் வென்றவரின் முகம் அது.

"கேட்டேன் அண்ணே," என்றான் ரபீக்.

முப்பது ஆண்டுகளாக அவருடைய காலை ஒரே வரிசையில் நடந்திருக்கிறது: ஸ்டார்ட், சாமி, புறப்பாடு. அந்த வரிசையின் முதல் இரண்டும் இப்போது இடம் மாறிக் குழம்பியிருந்தன. சாமி கும்பிட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும் என்ற பழக்கம் மட்டும் அவரிடம் உறுதியாக நின்றது.

கன்னையா காலைப் பசியாறை வாங்க எதிர்க்கடைக்குப் போனதும், நல்லம்மாள் படியிறங்கி வந்தார்.

"தெரிஞ்சிருச்சா தம்பி?"

"எவ்வளவு நாளா அக்கா?"

"போன தீபாவளிக்கு முன்னாலேந்து. வண்டி மட்டும் இல்ல. புக்கிட் ஜாலில் கோயிலுக்குக் கட்ட வேண்டிய ஸ்பீக்கர செந்தூல்ல போய் இறக்கிட்டாரு. கோயில்காரங்க சிரிச்சு சமாளிச்சாங்க." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி விஷயத்துல காலையில அந்த ஒரு நேரம்தான் தம்பி கஷ்டம். அந்தச் சத்தம் கேட்டதும் சரியாயிருவாரு. அப்புறம் நாள் பூரா ஒண்ணும் இல்ல."

"ஷாமினிக்கு?"

"சொல்லல. அவ கெட்டிக்காரி, ரெண்டு கேள்வியில பிடிச்சிருவா. சாவிய வாங்கிட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. ஸ்பீக்கரெல்லாம் வித்துட்டு எங்கள காஜாங்ல ஒம்பதாவது மாடியில கொண்டுபோய் வச்சிருவா. அங்க இவரு என்ன பண்ணுவாரு? டீவி சவுண்ட கூட்டிக் குறைப்பாரா?"

ரபீக் எதிர்க்கடைப் பக்கம் பார்த்தான்.

"இவரு இந்தச் சத்தத்த ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. மக காதுக்குப் போகாம இருக்காது. அந்தச் சத்தம் வராம பண்ண முடியுமா தம்பி?"

"முடியும்," என்றான்.

முடியுமா என்று கேட்டால் அவன் வாய் பழக்கத்தால் சொல்லும் பதில் அது. சொன்ன பிறகுதான், கேட்கப்பட்டது என்ன என்று யோசித்தான்.

"ரோட்ல அக்கா? கூட்டரசு நெடுஞ்சாலையில எத்தனை லோரி."

"நான் கூடவேதான் போறேன். சிக்னல் நான் பார்க்கிறேன். வலது, இடது நான்தான் சொல்றேன். உங்க கிட்ட வரும்போதும் இனிமே நான் இல்லாம வரமாட்டாரு." எதிர்க்கடையிலிருந்து பொட்டலத்துடன் கணவர் திரும்புவதைக் கண்டு அவர் குரலை இறக்கினார். "கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி."

திங்கட்கிழமை இருவரும் வண்டியோடு கிள்ளானுக்கு வந்தார்கள். வேலை ஒரு மணி நேரம்தான். விரல் நீளமுள்ள ஒரு ரிலே. இஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு. இஞ்சின் ஓடினால் ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியை ரிலே அடைத்துவிடும். அதன்பின் சாவியை எத்தனை முறை திருப்பினாலும் ஒன்றும் நடக்காது.

சனிக்கிழமையே ரபீக் எல்லாவற்றையும் ரம்லத்திடம் சொல்லியிருந்தான். அவன் கம்பிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது ரிப்பேரா?"

"சத்தம் நின்னுடும்."

"நான் அதக் கேக்கல."

அவன் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தான்.

கன்னையா உற்சாகமாக இருந்தார். இருக்கையில் ஏறி இஞ்சினை எடுத்தார். அது பூப்போல எழுந்தது. முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சன்னலில் முழங்கையை ஊன்றிப் பேச ஆரம்பித்தார். ஆடி மாதம் வருகிறது, மூன்று கோயில் பேசியிருக்கிறார்கள், ஒரு கோயிலில் பத்து நாள், கூட்டம் தாங்காது, பழைய பெட்டிகள் போதுமா என்று தெரியவில்லை. நல்லம்மாள் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தார்.

"சரி பாய், கிளம்புறோம். மழைக்கு முன்னால போய்ச் சேரணும்," என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும்.

"என்ன பாய், செத்துப்போச்சு?"

இஞ்சின் அவருக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ரபீக் வாயைத் திறந்தான். நல்லம்மாளின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தாமதம் போதுமானதாக இருந்தது. கன்னையா பானெட்டைத் திறக்கும் பிடியை இழுத்துவிட்டு இறங்கி, வண்டியின் முன்னால் வந்து மூடியைத் தூக்கினார். "பேட்டரி வயர்தான், பாரு, நீ டைட் பண்ணியிருக்க மாட்ட," என்றபடியே வலக்கையை உள்ளே நீட்டினார்.

ரபீக் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். விரல்களுக்கும் சுழலும் விசிறிக்கும் இடையே நான்கு விரற்கடைதான் இருந்தது. விசிறியின் காற்றில் கன்னையாவின் சட்டைக் கை படபடத்தது.

"இஞ்சின் ஓடுது அண்ணே."

கன்னையா விசிறியைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஸ்பீக்கரைச் சோதிப்பவர்போல நெடுநேரம் கேட்டார். பெல்ட்டின் மெல்லிய விசில்கூட அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் சரியாகிவிடுவார் என்று அன்று நல்லம்மாள் சொன்னதன் பொருள் ரபீக்குக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியது. அந்த ஓலம்தான் நாள்தோறும் அவரை எழுப்பிக்கொண்டிருந்தது. அதை இவன் கழற்றிவிட்டான்.

"தெரியும்," என்றார் கன்னையா. "நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க முயன்றார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, மணிக்கட்டைத் தேய்த்தார்.

நல்லம்மாள் சாய்ந்து சாவியைத் திருப்பி அணைத்தார். இஞ்சின் இருமுறை குலுங்கி நின்றது. பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"தம்பி, ஏதோ ஒரு சாமான் வரணும்னு சொன்னீங்களே, அது வராம வண்டிய எடுத்துட்டுப் போனா சரிப்படாது இல்ல?"

ரபீக் அப்படி எதுவும் சொன்னதில்லை. நல்லம்மாள் அவனை நேராகப் பார்த்தார். சனிக்கிழமை அவன் கண்ட முகம் இதுவல்ல. கேட்டதைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒருவரின் முகம்.

"ஆமா அக்கா," என்றான். "வரணும்."

"என்ன சாமான்?" என்றார் கன்னையா.

"பெரிய சக்கரம் அண்ணே. பல்லு சுத்திலும் தேஞ்சிருச்சு. இந்த மாடலுக்கு இங்க கிடைக்காது. ஜப்பான்லேந்து கண்டெய்னர்ல வரணும்."

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாது அண்ணே. கப்பல் விஷயம்."

பற்கள் தேய்ந்திருந்தது உண்மை. கிள்ளானில் இரண்டு கடைகளில் அந்தச் சக்கரம் அன்றே கிடைக்கும் என்பதும் உண்மை. கன்னையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்; தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்தார்.

"ஸ்பீக்கர் நனையாம பாத்துக்க."

ரபீக் தன் காரில் அவர்களைக் கிள்ளான் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டான். வழியில் மூவரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கன்னையா போன் செய்தார். அதற்கு அடுத்த நாளும் பத்து மணிக்கே. எதை மறந்தாலும் அந்த நேரத்தை அவர் மறக்கவில்லை. முதல் வாரம், "சாமான் வந்துச்சா பாய்?" என்று கேட்டார். இரண்டாம் வாரம், "கப்பல் எங்க நிக்குது?" என்றார். ஆடி பிறந்ததும், "நீயே நீந்திப் போய் அறுத்துக்கிட்டு வர்றியா?" என்றார். மூன்று கோயில்களையும் பூடுவில் இருக்கும் வேறு ஆள் எடுத்துக்கொண்டார். அதையும் கன்னையாவே சொன்னார், மறுநாள் மறுபடியும் சொன்னார், ஒவ்வொரு முறையும் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல.

ஒரு நாள் நல்லம்மாள் பேசினார். மகளிடம் சொல்லிவிட்டாரா என்று ரபீக் கேட்டான்.

"இந்த மாசம் போகட்டும் தம்பி," என்றார். "உங்கள ரொம்ப திட்டுறாரு. திட்டும்போது நல்லா இருக்காரு, பழைய மாதிரி. அதனால நான் தடுக்கிறதில்ல. மன்னிச்சுக்குங்க."

"திட்டட்டும் அக்கா."

ஆகஸ்டில் ஜீவன் போன் செய்தான். பிரிக்பீல்ட்ஸில் பள்ளி வேன் ஓட்டுபவன். பத்து ஆண்டுகளாக ரபீக்கின் வாடிக்கையாளன்.

"அண்ணே, கன்னையா அண்ணன் வண்டிய ரெண்டு மாசமா வச்சிருக்கீங்களாமே. நெசமா?"

"நெசம்தான்."

"பாவம் லா அந்த மனுஷன். தெருவுல போற வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லி அழுறாரு, கேக்கவே கஷ்டமா இருக்கு. அப்படி என்ன சாமான் அது, மலேசியாவுல கிடைக்காத சாமான்?"

ரபீக் பின்புறக் கொட்டகையைப் பார்த்தான். தகரக் கூரையின் கீழே பிக்கப் நின்றது. பின்னாலிருந்த ஸ்பீக்கர்களின் பாரத்தால் அதன் முன்புறம் சற்று உயர்ந்து, எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். ஜீவன் நல்லவன், மாலைக்குள் பிரிக்பீல்ட்ஸ் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

"கிடைக்கல," என்றான்.

"அப்ப என் வேன நான் வேற எடத்துல காட்டிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

"சரி ஜீவன்."

ரம்லத் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்த மாதத்தில் விலகிப்போகும் மூன்றாவது ஆள் இது. எதையோ சொல்ல வந்தவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குப் போனாள். பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது. ரபீக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றான். அது அடித்தது.

"இன்னும் வரல அண்ணே," என்றான், அவர் கேட்பதற்கு முன்பே.